கல்லூரி வாசலும் கள்ளுக்கடையும்

மதுரைக்குக் குடி புதிதன்று. மதுரைக்காஞ்சி பாடப்பட்ட காலத்திலேயே இந்நகரில் கள்ளுக்கடைக் கொடி பறந்திருக்கிறது. ஆனால், ‘கல்லூரிப் பையன்களும் குடிக்கிறார்களாமே!’ என்று பெற்றோர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வது நம் காலத்துக் கவலை. அது எப்படி வந்தது?

1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமானக் குறைவை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. மதுரையில் தியாகராசர் கல்லூரி 1949-இல் பிறந்தது, பல்கலைக்கழகம் 1966-இல். இரண்டும் கண் விழித்தபோது ஊரில் கள்ளுக்கடை இல்லை. சுற்றுவட்டாரத்தில் பனையிலிருந்து முறைப்படி இறங்கியது, கலயத்தில் சுண்ணாம்பு தடவிய பதநீர்தான்.

குடி ஒழிந்துவிட்டதா? இல்லை. காட்டோரங்களில் ஊறல் போட்டார்கள். பட்டணத்தில் வார்னிஷைக் கூடக் குடித்தார்கள். ஆனால் குடித்தவன் ஒளிந்து குடித்தான். அந்தக் கூச்சம் ஒரு வேலி. மாணவனுக்கு அது பெரிய வேலி.

1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முடிவு செய்தது. தொண்ணூறு கடந்த ராஜாஜி, கொட்டும் மழையில் முதலமைச்சரின் வீட்டுக்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கஜானாவின் தேவை அதைவிட உரக்கப் பேசியது.

அவ்வாண்டு புகுமுக வகுப்பில் சேர்ந்த ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். சேர்ந்த சில வாரங்களில் கடை திறந்தது. 1974-இல், அவன் பி.ஏ. முடிக்கும் முன்பே, கடை மூடப்பட்டது. 1981-இல், அவன் குடும்பஸ்தனாகியிருக்கும் காலத்தில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தது. பத்தாண்டுகளில் மூன்று முறை புரண்ட சட்டத்திலிருந்து அவன் என்ன கற்றிருப்பான்? குடி பாவமுமல்ல, குற்றமுமல்ல, வெறும் வரவுசெலவுக் கணக்கு என்பதைத்தானே?

1983-இல் தோன்றிய டாஸ்மாக், 2003-இல் சில்லறைக் கடைகளையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு விதிகள் 21 வயது நிரம்பாதவருக்கு விற்பதைத் தடுத்தன. கல்வி நிலையத்துக்கும் கடைக்கும் இடையே நகரங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் இருக்க வேண்டும் என்றன. ஐம்பது மீட்டர்! ஒரு நிமிஷ நடை. கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைத்த பாதுகாப்பில் பாதிதான் மதுரைப் பிள்ளைக்கு.

ஆயினும் மாணவர் என்றாலே குடிப்பவர் என்று முடிவுகட்டுவது அநியாயம். 2010-களில் இதே மதுரையின் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர், மதுக்கடைகளை மூடக் கோரி, தந்தையையும் உடன் அழைத்துக்கொண்டு வீதிக்கு வந்தார், கைதும் ஆனார். அரசாங்கம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதுதான் உலக வழக்கம். இங்கே ஒரு பிள்ளை அரசாங்கத்துக்குப் புத்தி சொல்ல வேண்டியிருந்தது.

பையனைக் கண்டிக்கலாம், கண்டிக்கத்தான் வேண்டும். அவன் குடித்த காசில் கஜானாவுக்குப் பங்கு போயிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கண்டிப்போம்.