சி நிரல்களில் நினைவகப் பிழைகள்

சி மொழியில் எழுதிய நிரல் ஓட்டத்தின் நடுவே விழுந்துவிடுவதற்குப் பெரும்பாலும் நினைவகப் பிழையே காரணம்: ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுதல், விடுவித்த இடத்தை மறுபடி தொடுதல், ஒரே இடத்தை இருமுறை விடுவித்தல், மதிப்பு இடாத மாறியைப் படித்தல். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிட்சி உருவாக்கிய இம்மொழி, அணியின் எல்லையை நிரல் ஓடும்போது சரிபார்ப்பதில்லை. எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை அதன் தர ஆவணமும் வரையறுக்கவில்லை. ஆகவே தவறு நடந்த உடனேயே நிரல் நின்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தவறு நடந்த இடம் ஒன்று, நிரல் விழுந்த இடம் வேறொன்று. இதை மறந்து தேடுபவர் குற்றமற்ற வரிகளையே திருத்திக்கொண்டிருப்பார்.

ஊர்ப் பெயர்களைப் படியெடுக்கும் ஒரு சார்பை எடுத்துக்கொள்வோம். அது ஸ்ட்ர்லென் தரும் நீளத்தை அப்படியே மால்லாக்கிடம் கொடுத்து இடம் பெறுகிறது. சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழிய பைட்டுக்கு இடம் கேட்கவில்லை. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். எனவே 'மதுரை' 15 பைட், 'சென்னை' 18 பைட். 64 பிட் லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் இவை இரண்டுக்கும் 24 பைட் இடம் தந்துவிடுவதால் ஒரு கெடுதியும் நேராது. 'திருச்சி' சரியாக 24 பைட். அதன் முடிவு பைட் பக்கத்துத் துண்டின் அளவு பதிந்திருக்கும் புலத்தின் மேல் விழுந்து அதைக் கெடுக்கிறது. அப்போதும் நிரல் ஓடும். பின்னர், தொடர்பே இல்லாத வேறொரு சார்பு தன் துண்டை முறைப்படி விடுவிக்கப் போகையில், நூலகம் முரண்பாட்டைக் கண்டு நிரலை நிறுத்தக்கூடும்.

நல்ல டிபக்கர் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். வெற்றுச் சுட்டியைத் தொட்டதால் வந்த செக்மென்டேஷன் ஃபால்ட் என்றால், கோர் கோப்பை ஜிடிபியில் திறந்து அழைப்பு வரிசையைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். மேற்சொன்ன வகையில் அந்த வரிசை காட்டுவது பாதிக்கப்பட்ட சார்பை மட்டுமே. இடையில் ஒரு பிரின்ட்எஃப் சேர்த்தால் நினைவக அமைப்பே மாறி, பிழை ஒளிந்துகொள்ளவும் கூடும். மீறல் நடக்கும் கணத்திலேயே பிடிப்பதுதான் வழி. அதற்கான அட்ரஸ் சானிடைசர் என்னும் கருவி ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, அந்த இடம் தொடத்தக்கதா என்று குறித்துக்கொள்கிறது. ஒதுக்கிய துண்டுகளைச் சுற்றித் தடை வளையமும் இடுகிறது. 'திருச்சி'யின் 25ஆவது பைட் எழுதப்படும் வரியிலேயே நிரலை நிறுத்தி, இடம் ஒதுக்கிய வரியையும் சேர்த்துக் காட்டும். வேகம் குறையுமே என்பது நியாயமான தயக்கம்தான். ஆனால் இதில் வேகம் ஏறத்தாழ பாதியாகத்தான் குறைகிறது. இதே பணிக்கான மற்றொரு கருவியான வால்கிரைண்டில் 20, 30 மடங்கு குறையலாம். சோதனை ஓட்டத்துக்கு இரண்டுமே தாங்கக்கூடிய விலை.

விழாத நிரலுக்கு இவை எதற்கு என்ற வாதம்தான் மிக ஆபத்தானது. 2012இல் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்தின் 1.0.1 பதிப்பில் நீளச் சரிபார்ப்பு ஒன்று விடுபட்டிருந்தது. 'ஹார்ட்பிளீட்' என்று பெயர் பெற்ற அந்த ஓட்டை வழியே, ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை உருவ முடிந்தது. வழங்கிகள் விழாமல் ஓடிக்கொண்டே இருந்தன. 2014 ஏப்ரலில்தான் குறை வெளியே தெரிந்தது.

இக்கருவிகள் ஓடிய பாதையை மட்டுமே காணும் என்பது உண்மை. அதனால்தான் தாறுமாறான உள்ளீடுகளைத் தானே உருவாக்கித் தரும் ஃபஸ்ஸிங்கை இவற்றோடு சேர்த்து நடத்துகிறார்கள். இத்தகைய பிழைகளுக்குப் பெரும்பாலும் இடம் தராத ரஸ்ட் போன்ற மொழிக்கு மாறுவது புதிய நிரல்களுக்கு நல்ல தீர்வு. ஏற்கெனவே சி மொழியில் குவிந்திருக்கும் நிரல்களை அது ஒரே நாளில் காப்பாற்றிவிடாது. மதிப்பு இடாத மாறியை அட்ரஸ் சானிடைசர் பிடிக்காது, வால்கிரைண்ட் பிடிக்கும். அடுக்கிலுள்ள அணியின் எல்லை மீறலில் நிலைமை தலைகீழ். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்து இயக்க முடியாது. தனித்தனியாகத் தொகுத்துத் தனித்தனியாகத்தான் ஓட்ட வேண்டும்.