மெட்ராஸ் கொடுத்த பணமும் கொழும்பு வானின் கணக்கும்: 1940–42 வான்போர் இழப்புகள் பற்றிய ஓர் ஆய்வு

1942 ஏப்ரலில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தது பற்றி நினைவுக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. அதையே நம்பியிருந்த லஸ் வக்கீல் குடும்பங்களும் கிளம்பின. வாடகை சரிந்தது. மிருகக்காட்சிசாலையில் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த 'எவாக்குவேஷ'னைச் சுவையாக எழுதிய நம்மவர்கள், அதற்கு முன்னே ஜப்பானோடு நடந்த வான்போரை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின்மேல் எந்த விமானம் எதை வீழ்த்தியது? யார் சொன்ன கணக்கு சரி?

இதற்கு விடை தேட 1940க்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படைக்கு விமானம் வாங்க மெட்ராஸ் மாகாணம் நன்கொடை திரட்டிக் கொடுத்தது. அதற்கு நன்றியாக 79, 234, 264 என்ற மூன்று படையணிகள் 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்ற பெயரைத் தாங்கின. 1940இல் முதலாவதிடம் ஹரிகேன், இரண்டாவதிடம் ஸ்பிட்ஃபயர், மூன்றாவதிடம் டிஃபயன்ட். நம் கேள்விக்கு மிகவும் உதவுவது இந்த மூன்றாவதன் வரலாறு.

டிஃபயன்ட் ஒரு விசித்திரமான சண்டை விமானம். விமானிக்கு முன்னோக்கிச் சுடத் துப்பாக்கியே கிடையாது. அவருக்குப் பின்னால் சுழலும் கூண்டு ஒன்றில் இன்னொருவர் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருப்பார். 1940 மே 29 அன்று டன்கர்க் கடற்கரைமேல் 264ஆம் அணி ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மன் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு அதில் பாதிகூடத் தேறவில்லை. இதைப் பொய் என்று சொல்வது அநியாயம். ஒரே இலக்கைப் பல கூண்டுகளிலிருந்து ஒரே நேரத்தில் சுடுகிறார்கள்; அது விழுந்தால் ஒவ்வொருவரும் நேர்மையாகவே தன் கணக்கில் ஒன்று சேர்க்கிறார். புகை கக்கியபடி செங்குத்தாகப் பாய்ந்து தப்பும் விமானமும் 'விழுந்த' பட்டியலில் ஏறிவிடும்.

அந்த வெற்றியின் காரணமும் நிலைக்கவில்லை. பின்னாலிருந்து பார்த்த ஜெர்மன் விமானிகள் டிஃபயன்டை ஹரிகேன் என்று எண்ணி நேரே கூண்டின் முன்னே வந்து மாட்டிக்கொண்டார்கள். அடையாளம் பிடிபட்டதும் முன்னாலிருந்தும் கீழிருந்தும் தாக்கத் தொடங்கினார்கள். ஜூலை 19 அன்று 141ஆம் அணியின் ஒன்பது டிஃபயன்ட்களில் ஆறு போயின. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் 264ஆம் அணியும் அதே அடியை வாங்கியது. அதன் தலைவர் பிலிப் ஹன்டர் 24ஆம் தேதி மாண்டார். பிறகு அந்த விமானத்தைப் பகலில் அனுப்புவதையே நிறுத்தி, இரவுக் காவலுக்கு மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் இயந்திரம் மாறவில்லை. எதிரிக்கு அதைப் பற்றித் தெரிந்தது மாறிவிட்டது.

இப்போது கொழும்பு. ஜப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஃபுச்சிடா தலைமையில் ஏறத்தாழ 125 விமானங்கள் வந்தன. அவற்றில் 36 ஜீரோ சண்டை விமானங்கள். எதிரே 30, 258ஆம் அணிகளின் ஹரிகேன்களும் கடற்படையின் சில ஃபுல்மார் சண்டை விமானங்களும் சேர்ந்து நாற்பதுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக, சண்டை விமானத்துக்குச் சண்டை விமானம் என்று எண்ணினால் பிரிட்டன் தரப்பே சற்று அதிகம். வேகத்திலும் ஜீரோவுக்கும் வெப்பநாட்டு ஹரிகேனுக்கும் பெரிய இடைவெளி இல்லை: இரண்டும் மணிக்கு 530 கி.மீ. அளவில். ஆனால் ஜீரோ ஒரு டன் அளவுக்கு இலகுவானது. விமானிக்குக் கவசமில்லை, தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி இல்லை. அந்த எடைச் சிக்கனத்தால் கிடைத்தவை செங்குத்தான ஏற்றமும் சின்ன வட்டத் திருப்பமும் நெடுந்தூரப் பயணமும். தாழ்வான உயரத்தில் அதனோடு சுற்றிச் சண்டையிட்ட ஹரிகேன் பிழைப்பது அரிது. உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நிற்காமல் போய்விடுவதே ஹரிகேனுக்கு உகந்த முறை.

அந்த உயரம்தான் அன்று கிடைக்கவில்லை. முதல்நாளே பர்ச்சால் என்ற விமானியின் கேட்டலினா விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தும், காலையில் ரேடார் எச்சரிக்கை வரவில்லை. ரத்மலானையிலிருந்த 30ஆம் அணி தலைக்குமேல் எதிரி இருக்கும்போதே ஓடுபாதையை விட்டெழுந்தது. எல்லாப் பழியையும் ரேடார்மேல் போடுவது வழக்கம். ஆனால் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையை ஜப்பானியர் அறியவே இல்லை. அங்கிருந்து தாக்குதலுக்கு ஆளாகாமல் எழுந்த 258ஆம் அணி 14 விமானங்களில் 9ஐ இழந்தது. 30ஆம் அணி இருபதுக்கு மேற்பட்டவற்றில் இழந்தது 8. தரையில் அகப்பட்டவர்களைவிட அகப்படாதவர்களின் இழப்பு விகிதம் அதிகம்! குண்டுவீச்சு விமானங்களை நோக்கிப் போனவர்கள்மேல் ஜீரோக்கள் மேலிருந்து இறங்கின என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

மொத்தத்தில் பிரிட்டன் ஏறத்தாழ 20 சண்டை விமானங்களையும், வழியில் சிக்கிய 6 ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்களையும் இழந்தது. ஜப்பானுக்குப் போனவை 7; அவற்றில் ஜீரோ ஒன்றே ஒன்று, மற்றவை பாய்ந்து குண்டுபோடும் ரகம். போருக்குப் பின் எழுதிய நூலில்கூடச் சர்ச்சில் 21 ஜப்பானிய விமானங்கள் விழுந்ததாகவே குறித்தார். தம் தரப்பு இழப்பை அவர் எழுதியது பெரும்பாலும் சரி. எதிரியின் இழப்புதான் மும்மடங்கு ஊதிவிட்டது. டன்கர்க்கில் கண்ட அதே நோய்.

இந்த வேறுபாடு மெட்ராஸுக்கு வெறும் புள்ளிவிவரமாக இருக்கவில்லை. அடுத்த நாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திரிகோணமலையில் 261ஆம் அணி எட்டு ஹரிகேன்களை இழந்தது; பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இரண்டாம் வாரத்தில் அரசே நகரை விட்டுக் கிளம்பச் சொன்னது. வெற்றிச் செய்தியையும் வெளியேற்ற அறிவிப்பையும் ஒரே வாரத்தில் கேட்ட மக்கள் இரண்டாவதை நம்பினார்கள். அவர்கள் நம்பியதே கொழும்பின் உண்மைக் கணக்குக்கு நெருக்கமானது. ராஜாஜி தலைமையில் சட்டமன்றக் காங்கிரசார் ஏப்ரல் 23இல், முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்கப் பரிந்துரைத்து நிறைவேற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தையும், ஜப்பானை எதிர்க்க மக்களாட்சி வேண்டும் என்ற அவசரத்தையும் இந்த வானிலையில் வைத்தே படிக்க வேண்டும்.

பயந்த படையெடுப்பு வரவில்லை. கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் அகாகி, ஹிர்யூ, சோர்யூ மூன்றும் இரண்டே மாதத்தில் மிட்வேயில் மூழ்கின. மெட்ராஸ் பெயர் கொண்ட 79ஆம் அணி அதே ஆண்டு இந்தியா வந்து, பர்மா முனையில் ஹரிகேன்களோடு போரிட்டது.

விமான இழப்பை ஆராய்பவர் வீழ்த்தியவரின் பெருமிதத்தை ஒதுக்கி, இழந்தவரின் பதிவேட்டிலிருந்து தொடங்குவதே முறை. அந்தப் பதிவேடுகள் லண்டனிலும் டோக்கியோவிலும் ஓரளவு கிடைக்கின்றன. மயிலாப்பூர், அடையாறு வீடுகளிலிருந்து 1942இல் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் உங்கள் பரணில் இருந்தால், பழைய காகிதக்காரரிடம் போடாமல் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் காட்டுங்கள்.