எட்டுக் கலைகளும் ஒரு கையொப்பமும்

யோகானஸ் கெப்ளரின் பெயர் நம் மாணவர்களுக்குப் புதியதன்று. கோள்கள் கதிரவனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டறிந்தவர் அவரே என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். ஆயினும், குருப்பணியை நாடி இறையியல் பயின்றவர் அவர் என்பதையும், தம் சொந்தத் திருச்சபையாலேயே திருவிருந்தினின்று விலக்கப்பட்டவர் என்பதையும் அறிவியல் பாடநூல்கள் கூறுவதில்லை. நாம் கற்பிக்கும் திருச்சபை வரலாற்றிலும் அவருக்கு இடம் கிடைப்பது அரிது. ஒருவருடைய வாழ்வை இவ்வாறு இரண்டு துண்டாக்கி, ஒன்றை வானவியலாரிடம் கொடுத்துவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவது முறையாகாது. செவ்வாய்க் கோளின் கணக்கில் ஒரு சிறு பிழையைப் பொறுக்க மறுத்த மனச்சான்றும், ஓர் அறிக்கையின் கீழ்க் கையொப்பமிட மறுத்த மனச்சான்றும் ஒன்றே என்பது நம் கருத்து.

கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் தென்ஜெர்மனியிலுள்ள வைல் நகரில் பிறந்தார். வறிய குடும்பம்; நோயுற்ற உடல். அக்காலத்தில் வுர்ட்டெம்பெர்க் நாட்டின் லுத்தரன் ஆட்சியாளர்கள் கூரிய அறிவுடைய ஏழைச் சிறுவர்களை அரசுச் செலவில் குருமார்களாகப் பயிற்றுவித்து வந்தனர். அவ்வாறே மால்பிரான் மடப்பள்ளியில் பயின்று, 1589இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தை அடைந்தார் கெப்ளர். அங்கே மேஸ்ட்லின் என்னும் கணித ஆசிரியர், பூமியே கதிரவனைச் சுற்றுகிறது என்னும் கோப்பர்னிக்கஸின் கொள்கையை அவருக்கு அறிமுகப்படுத்தினார். ஹாஃபென்ரெஃபர் என்னும் இறையியல் ஆசிரியரின் அன்பையும் அவர் பெற்றார். இந்த இரு ஆசிரியர்களையும் வாசகர் நினைவில் இருத்துவாராக.

இறையியல் படிப்பு முடியும் தறுவாயில், 1594இல், ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரிலிருந்த புராட்டஸ்டண்டு பள்ளிக்கு ஒரு கணித ஆசிரியர் தேவைப்பட்டார். டூபிங்கன் கெப்ளரை அனுப்பியது. குருவாகும் எண்ணத்தை விட்டு மனமின்றியே அவர் சென்றார். அடுத்த ஆண்டிலேயே மேஸ்ட்லினுக்கு எழுதிய மடலில், இறையியலாளனாக விரும்பி நெடுநாள் அமைதியின்றி இருந்ததாகவும், இப்பொழுது வானவியலிலும் கடவுள் மகிமைப்படுவதைக் காண்பதாகவும் அவர் குறிப்பிட்டார்.

கிராட்ஸில் எழுதிய முதல் நூல் 1596இல் அச்சேறியது. அதில் அவர் முன்வைத்த கோட்பாடு, அதாவது ஆறு கோள்களின் இடைவெளிகளும் வடிவியலில் கூறப்படும் ஐந்து ஒழுங்குத் திண்மங்களின்படி அமைந்தவை என்பது, தவறானது. அதைவிட நம் கவனத்திற்குரியது அந்நூலில் இடம்பெறாத ஒரு பகுதி. கோப்பர்னிக்கஸின் கொள்கை திருமறைக்கு முரணன்று என்று விளக்கும் அதிகாரம் ஒன்றை அவர் எழுதியிருந்தார். ஹாஃபென்ரெஃபரின் அறிவுரைப்படி அது நீக்கப்பட்டது. கணிதன் கணிதத்தோடு நிற்கட்டும், திருமறை விளக்கத்தில் புகவேண்டாம் என்பதே ஆசிரியரின் எண்ணம். திருச்சபையின் அமைதி கெடக்கூடாதே என்னும் கவலை அவருக்கு. மாணவரும் பணிந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு நூலின் முன்னுரையில் அதே வாதத்தை விரிவாக வெளியிட்டார். யோசுவா கதிரவன் நிற்கவேண்டும் என்று மன்றாடியபோது வானவியல் விளக்கத்தை நாடவில்லை. தன் கண்ணுக்குத் தோன்றியபடி பகல் நீடிக்கவேண்டும் என்றே விரும்பினான். திருமறை மனிதரின் கண்ணுக்குத் தோன்றும் வகையில் மனிதரோடு பேசுகிறது என்பதே அவர் வாதம். இன்று இது நம் வகுப்பறைகளில் எளிதாகச் சொல்லப்படுகிறது. அன்று அது எளிதாக இருக்கவில்லை.

1600ஆம் ஆண்டில் கிராட்ஸில் ரோமன் கத்தோலிக்கத்திற்கு மாற மறுத்தவர்கள் நாடு கடத்தப்பட்டனர். கெப்ளரும் மாற மறுத்து, வேலையையும் வீட்டையும் இழந்து, பிராகு நகருக்குச் சென்றார். அங்கே டைக்கோ பிராகே என்னும் டென்மார்க்கு நாட்டு வானவியலார் பேரரசர் இரண்டாம் ருடால்பின் ஆதரவில் இருந்தார். தொலைநோக்கி தோன்றாத அக்காலத்தில், பெரிய கருவிகளைக் கொண்டு வெறுங்கண்ணாலேயே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோள்களை அளந்து குறித்துவைத்திருந்தவர் அவர். செவ்வாயின் பாதையை ஆராயும் பணி கெப்ளரிடம் வந்தது. எட்டே நாள்களில் முடித்துவிடுவதாக இளமை மிடுக்கில் கூறினார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 1601இல் டைக்கோ மறைந்தபின், அவருடைய பதவியும் அளவீடுகளும் கெப்ளரின் கைக்கு வந்தன.

கோள்கள் வட்டப் பாதையிலேயே செல்லும் என்பது அதுவரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக எவரும் ஐயுறாத கொள்கை. கோப்பர்னிக்கஸும் வட்டத்தை விடவில்லை. கெப்ளரும் வட்டத்தோடுதான் தொடங்கினார். ஏறத்தாழ எழுபது முறை திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, டைக்கோவின் அளவீடுகளோடு இரண்டு கலைகளுக்குள் பொருந்தும் ஒரு பாதையை வகுத்தார். கலை என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ முப்பது கலை என்றால், இது எத்துணை நுண்ணியது என்பது விளங்கும். வேறொருவர் அங்கே எழுதுகோலை வைத்திருப்பார். கெப்ளரோ வேறொரு வகையில் அதைச் சோதித்தார். திசை பொருந்தியது; கதிரவனிலிருந்து கோளின் தொலைவு பொருந்தவில்லை. தொலைவைத் திருத்தினால் திசையில் எட்டுக் கலை பிழை விழுந்தது.

எட்டுக் கலை என்பது நிலவின் அகலத்தில் கால் பங்கே. பண்டைய தாலமியின் அளவீடுகளில் பத்துக் கலை வரை பிழை இருக்கக்கூடும் என்பதால், அவருக்கு இவ்வேறுபாடு புலப்பட்டே இராது. ஆனால் டைக்கோ அவ்வளவு தவறக்கூடியவர் அல்லர் என்பதைக் கெப்ளர் அறிவார். அத்தகைய கவனமுள்ள ஒருவரைக் கடவுள் நமக்கு அருளியிருக்க, அக்கொடையை நன்றியோடு ஏற்று உண்மையைத் தேடுவதே கடன் என்று அவர் கருதினார். அதுவரை செய்த உழைப்பின் பெரும்பகுதியைத் தாமே தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கினார். இவ்விடத்தை வாசிக்குந்தோறும் நம் மனம் சற்று நின்றுவிடுகிறது. நம் ஆய்வேடுகளில் எத்தனை எட்டுக் கலைகளை நாம் அடிக்குறிப்பில் ஒளித்துவைத்திருக்கிறோம்!

அவர் கையாண்ட வழி அழகானது. செவ்வாய் ஒருமுறை கதிரவனைச் சுற்ற 687 நாள்கள் ஆகும். எனவே 687 நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவீடுகளில் செவ்வாய் அதே இடத்தில் இருக்கும். பூமியோ வேறு வேறு இடத்தில் இருக்கும். இரண்டு இடங்களிலிருந்து ஒரே மரத்தைப் பார்த்து அதன் தொலைவை அளப்பது போல, முதலில் பூமியின் பாதையையும், பின்னர் செவ்வாயின் பாதையையும் புள்ளி புள்ளியாக அவர் வரைந்தார். 1605ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையை ஒட்டிய நாள்களில், அப்பாதை நீள்வட்டம் என்பதும், கதிரவன் அதன் நடுவில் இல்லாமல் ஒரு குவியத்தில் இருக்கிறது என்பதும் தெளிவாயின. செவ்வாயின் பாதையை 1,000 மில்லிமீட்டர் நீளத்தில் வரைந்தால், அகலம் ஏறத்தாழ 996 மில்லிமீட்டர் வரும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வட்டமே. ஆனால் கதிரவன் நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 47 மில்லிமீட்டர் விலகி நிற்கும். அதனால்தான் செவ்வாய் ஒரு காலத்தில் கதிரவனுக்கு ஏறத்தாழ 20.7 கோடி கிலோமீட்டர் அருகிலும், மற்றொரு காலத்தில் 24.9 கோடி கிலோமீட்டர் அப்பாலும் உள்ளது. அருகில் வரும்போது அது விரைகிறது, விலகும்போது தளர்கிறது. ஆயினும் கதிரவனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பையே கடக்கிறது. இவ்விரு விதிகளும் 1609இல் வெளியான ‘புதிய வானவியல்’ என்னும் நூலில் உள்ளன. நாம் முன்னர்க் கூறிய முன்னுரையும் அந்நூலினதே.

1612இல் கெப்ளர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்த லுத்தரன் சபையின் போதகர் ஹிட்ஸ்லர் வுர்ட்டெம்பெர்க் நாட்டவர், டூபிங்கனில் பயின்றவர். திருவிருந்தில் பங்குபெற விரும்பிய கெப்ளர், 1577ஆம் ஆண்டின் ஒற்றுமை உடன்பாட்டை, அதாவது கன்கார்டு அறிக்கையை, முழுமையாக ஏற்கத் தம்மால் இயலாது என்று தாமாகவே தெரிவித்தார். கிறிஸ்துவின் மனித உடலும் எங்கும் நிறைந்துள்ளது என்னும் போதனை அவருக்கு ஏற்புடையதாக இல்லை. அக்காரணத்தால் கால்வின் வழியினரைக் கண்டனம் செய்வதிலும் அவர் பங்குகொள்ள விரும்பவில்லை. அதேவேளையில் முன்குறித்தலைப் பற்றிய கால்வின் வழியினரின் போதனையையும் அவர் மறுத்தார். தயக்கத்தைக் குறிப்பிட்டுக் கையொப்பமிட ஆயத்தமாக இருந்தார். நிபந்தனையுள்ள கையொப்பத்தை ஹிட்ஸ்லர் ஏற்கவில்லை. கெப்ளர் ஸ்டுட்கார்ட்டிலிருந்த சபை ஆலோசனைச் சங்கத்திற்கு முறையிட்டார். சங்கம் போதகரின் பக்கமே நின்றது.

ஹிட்ஸ்லரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. நாம் அவ்வாறு செய்யமாட்டோம். கத்தோலிக்க ஆட்சியின் நெருக்கத்தில் வாழ்ந்த சிறு சபை அது. அறிக்கையில் ஒரு வரி தளர்ந்தால் முழுமையும் தளர்ந்துவிடும் என்று அஞ்சிய போதகர் அவர். மந்தையைக் காக்கும் பொறுப்புள்ளவர்களுக்கு அந்த அச்சம் அந்நியமன்று. எனினும், லுத்தரன் விசுவாசத்திற்காக 1600இல் நாட்டைத் துறந்த ஒருவரே லுத்தரன் பந்தியில் இடமின்றி நின்றார் என்பது வரலாறு. ஒரு சொல் ‘ஆம்’ என்றிருந்தால் போதும். அவரால் அது இயலவில்லை. 1619இல் தம் பழைய ஆசிரியர் ஹாஃபென்ரெஃபரிடம் கடைசியாக மன்றாடினார். ஆசிரியரின் மறுமொழியில் அன்பு இருந்தது, வழி இல்லை. திருச்சபையின் அறிக்கைக்கு உட்படுக, அன்றேல் அதன் ஐக்கியத்தை எதிர்பாராதிருக்க என்பதே அதன் சாரம். அவ்வாண்டிலேயே அவர் காலமானார்.

இவற்றுக்கு நடுவில்தான் மூன்றாம் விதி பிறந்தது. 1618ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கெப்ளரின் சிறு மகள் இறந்தாள். மே மாதம் 15ஆம் நாள், கோள் சுற்றும் காலத்தின் வர்க்கமும் அதன் சராசரித் தொலைவின் கனமும் ஒரே விகிதத்தில் உள்ளன என்பதை அவர் உறுதி செய்தார். செவ்வாயின் காலம் 1.88 ஆண்டு, தொலைவு பூமியின் தொலைவைப்போல் 1.524 மடங்கு. முன்னதன் வர்க்கமும் பின்னதன் கனமும் ஏறத்தாழ 3.54 என வருவதை மாணவர் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். எட்டு நாள்கள் கழித்துப் பிராகு நகரில் முப்பதாண்டுப் போர் மூண்டது. அவருடைய தாயார் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டு, 1620 முதல் 14 மாதங்கள் சிறையில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தார். மகனே நேரில் சென்று வழக்காடி 1621இல் விடுவித்தார். முதுமையின் தளர்ச்சியோடு சில மாதங்களில் அத்தாய் மரித்தார்.

கோள்களை இயக்குவது எது என்பதில் கெப்ளர் பாதி வழியே சென்றார். பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்பதையும், கடலின் ஏற்றவற்றம் நிலவின் ஈர்ப்பால் நிகழ்வது என்பதையும் உணர்ந்திருந்தார். ஆனால் கோள்களைக் கதிரவன் காந்தம் போலத் தள்ளிச் சுழற்றுகிறது என்று எண்ணினார். நியூட்டன் 1687இல் தெளிவுபடுத்தினார்: கோள் நேர்க்கோட்டில் செல்லவே முயல்கிறது, கதிரவனின் ஈர்ப்பு அதை ஓயாமல் வளைக்கிறது, தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகிறது. கெப்ளரின் மூன்று விதிகளும் இதினின்று தாமே விளைகின்றன.

1627இல் உல்ம் நகரில் கெப்ளரின் கோள் அட்டவணைகள் அச்சாயின. அவற்றின்படி 1631ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் புதன் கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்லும் என்று முன்னறிவித்தார். அதைக் காண அவர் இல்லை. 1630 நவம்பர் 15ஆம் நாள் ரேகன்ஸ்பர்க்கில் இறந்தார். மதிலுக்குப் புறம்பேயிருந்த புராட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்; போரில் அத்தோட்டம் அழிந்தது. குறித்த நாளில் பாரிஸ் நகரில் கஸெண்டி என்னும் கத்தோலிக்கக் குருவானவர், கதிரவனின் உருவைத் தொலைநோக்கி வழியாக ஒரு தாளில் விழச்செய்து காத்திருந்தார். மிகச் சிறிய கரும்புள்ளி ஒன்று தோன்றியது. அவர் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாயிருந்தமையால் முதலில் அதைக் கதிரவனின் மறு என்று நினைத்தார். ஆனால் மறுவுக்கில்லாத விரைவுடன் அது தாளின்மேல் நகர்ந்துகொண்டிருந்தது.