எவரெஸ்ட்டின் வாசலைக் கண்டவர் யார்?

1921ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குழு எவரெஸ்ட்டை நோக்கிப் புறப்பட்டபோது, உச்சியைத் தொடுவதைவிட அதற்கு வழி உண்டா என்று பார்த்து வருவதே அதன் முதல் வேலையாக இருந்தது. நேபாளம் வெளிநாட்டாரை உள்ளே விடவில்லை. சார்லஸ் பெல்லின் முயற்சியால் 13ஆம் தலாய் லாமா அனுமதி தந்ததால் திபெத் பக்கம் மட்டும் திறந்திருந்தது. ஆகவே மே மாதம் டார்ஜிலிங்கிலிருந்து கிளம்பி, மலையை வடக்கே சுற்றிப் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. போகும் வழியிலேயே இமயமலையை நன்கறிந்த அலெக்சாண்டர் கெல்லாஸ் இறந்துபோனார். ஹெரால்டு ரேபர்ன் நோயுற்றுத் திரும்பினார். மலையேற்றப் பொறுப்பு முழுவதும் ஜார்ஜ் மாலரி, கை புல்லக் என்ற இருவர் தலையில் விழுந்தது. வடக்கு வழியைக் கண்டவர் மாலரி என்றே பொதுவாக எழுதுகிறார்கள். நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தப் பெருமையின் பெரும்பங்கு அக்குழுவின் நில அளவையாளர் ஆலிவர் வீலருக்குச் சேர வேண்டும் என்பது என் கருத்து.

ஜூன் இறுதியில் ரோங்புக் பள்ளத்தாக்கை அடைந்த மாலரிக்கு ஒன்று விரைவிலேயே தெளிவாகிவிட்டது. எவரெஸ்ட்டையும் அதன் வடக்கே நிற்கும் சாங்ட்ஸே சிகரத்தையும் இணைக்கும் வடகணவாய்தான் மலையின் படிக்கட்டு. ஏறக்குறைய 7,000 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாயில் கால்வைத்துவிட்டால், வடமுகடு வழியாக மேலே போகலாம். இதைக் கண்டது மாலரியின் கூர்மை, அதில் மறுப்பில்லை. சிக்கல் அடுத்த படியில் வந்தது. கணவாயின் மேற்குச் சரிவு செங்குத்தாகவும் ஆபத்தாகவும் தோன்றியதால் கிழக்குச் சரிவை அடைய வேண்டும். அந்தச் சரிவின் அடியில் ஒரு பனியாறு இருந்தே தீரும். அது எந்தத் திசையில் இறங்குகிறது? கிழக்கே இருப்பதால் கிழக்கு நோக்கியே ஓடி கார்ட்டா பள்ளத்தாக்கில் சேரும் என்று மாலரி ஊகித்தார். உண்மையில் அது சாங்ட்ஸேயைச் சுற்றி வடக்கே வளைந்து, பிறகு மேற்கே திரும்பி, அவர் முகாமிட்டிருந்த ரோங்புக் பள்ளத்தாக்கிலேயே வந்து முடிகிறது. அதன் உருகுநீர் ஒரு குறுகிய இடைவெளி வழியாக ஓடையாக வருவதை அவரும் புல்லக்கும் பார்த்தார்கள். அதன் பின்னால் அவ்வளவு பெரிய பனியாறு இருக்கும் என்று எண்ணவில்லை. ஓடையைத் தொடர்ந்து போகவும் இல்லை.

விளைவு, ஜூலை கடைசியில் முகாமைத் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனார்கள். அங்கே அவர்கள் முதலில் பார்த்த காமா பள்ளத்தாக்கு எவரெஸ்ட்டின் கிழக்கு முகத்தின் அடியில், ஏறவே முடியாததாகத் தோன்றிய பனிச்சுவரில் போய் முடிந்தது. பிறகு கார்ட்டா பள்ளத்தாக்கின் தலைப்பகுதிக்கு ஏறி, ஆகஸ்ட் 18 அன்று லாக்பா லா கணவாயை அடைந்தார்கள். சுமார் 6,800 மீட்டர் உயரத்திலிருந்து கீழே பார்த்தால், தேடிய பனியாறு கிடக்கிறது. ஆனால் அது கார்ட்டா பக்கம் வரவில்லை.

இதே நாட்களில் வீலர் ரோங்புக் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கனடாவில் பிறந்த அவர் இந்திய நில அளவைத் துறையின் அதிகாரி. 1802இல் நம் பரங்கிமலையடியில் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த முக்கோண அளவையின் மரபு அந்தத் துறைக்கு உண்டு. உயரமான இடங்களில் கேமராவை நிறுத்திச் சுற்றிலும் படமெடுத்து, அந்தப் படங்களிலிருந்தே கோணங்களைக் கணக்கிட்டு வரைபடம் ஆக்குவது அவருடைய முறை. பருவமழை மேகம் விலகும் சில நிமிடங்களுக்காகக் குளிரில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். இந்த முறையில் சிகரத்துக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது. ஒவ்வொரு பனியாறும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் வரைபடம் நிறைவேறாது. அதனால்தான் மாலரி விட்டுப்போன ஓடைக்குள் வீலர் நுழைந்தார். கிழக்கு ரோங்புக் பனியாற்றைக் குறித்த அவருடைய கைவரைபடம், லாக்பா லாவை எட்டுவதற்கு முன்பே மாலரிக்குக் கிடைத்துவிட்டது.

அப்படியானாலும் மாலரி தன் வழியாகவே வடகணவாயை அடைந்தாரே என்று கேட்கலாம். அடைந்தார். செப்டம்பர் 24 அன்று அங்கே நின்றவர்களில் வீலரும் ஒருவர். ஆனால் அந்த வழியில் லாக்பா லா வரை ஏறி, ஏறிய உயரத்தில் நூற்றுக்கணக்கான மீட்டரை இழந்து இறங்கி, மீண்டும் கணவாய்க்கு ஏற வேண்டும். சுமைதூக்குவோரை நம்பி முகாம் மேல் முகாமாகப் பொருள் சேர்க்கும் ஒரு முற்றுகைக்கு அது உதவாது. கிழக்கு ரோங்புக் வழியோ கணவாயின் அடிவரை படிப்படியாக உயர்கிறது. 1922இல் வந்த குழு அதையே எடுத்துக்கொண்டது. 1924இலும் 1930களிலும் வந்தவர்களும் அதையே எடுத்தார்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. 1953இல் வெற்றி தெற்கிலிருந்துதானே வந்தது, வடக்கைத் தேர்ந்ததே பிழையல்லவா? தெற்குப் பக்கத்தை மாலரி ஒரு கணவாயில் நின்று எட்டிப் பார்த்திருந்தார். கும்பு பனியருவி அவருக்கு நம்பிக்கை தரவில்லை. நம்பிக்கை தந்திருந்தாலும் எல்லை தாண்ட உரிமை இல்லை. நேபாளம் 1949க்குப் பிறகு கதவைத் திறந்ததும், அதே காலத்தில் திபெத் மூடிக்கொண்டதும்தான் பாதையைத் தெற்கே திருப்பின. மலை மாறவில்லை, எல்லைக்காவல் மாறியது. 1960இல் சீனக் குழு ஏறியதும் வடகணவாய் வழியேதான்.

மாலரியைக் குறை சொல்வதும் நியாயமாகாது. துணைக்கு இருக்க வேண்டியவர்களை இழந்து, வரைபடமே இல்லாத நிலத்தில், மழைமேகத்துக்குள் தேடியவர் அவர். ஆயினும் வீலர் பெயரைப் பல நூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. பின்னாளில் அவர் இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் ஆனார்.

வழி தெரிந்த பிறகும் வடகணவாயின் கடைசிச் சரிவு கொடியதாகவே இருந்தது. 1922 ஜூன் 7 அன்று அங்கே இறங்கிய பனிச்சரிவு சுமைதூக்கிச் சென்ற ஏழு பேரைக் கொன்றது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.