எக்ஸ் கதிரும் மார்புப் புற்றுநோயும்

விஞ்ஞான வரலாறு என்றதும் நம்மவருட் பலர் மேதைகள் சிலரின் பெயர்ப் பட்டியலையே மனத்திற் கொள்கின்றனர். தனியறையிலே ஒரு மேதை இருந்தான். அவனுக்கு ஒரு நாள் உண்மை புலப்பட்டது. உலகம் பயன் பெற்றது என்ற பாங்கிலேயே பாடப் புத்தகங்களும் அவ்வரலாற்றைச் சொல்லி வருகின்றன. மன்னனின் பெயரை நீக்கி அவ்விடத்தில் மேதையின் பெயரை இட்டுவிட்டால் அது மக்கள் வரலாறு ஆகிவிடாது. ஒரு கண்டுபிடிப்பு எத்தகைய சமுதாயச் சூழலிலே தோன்றியது, எச்சக்திகள் அதனை வளர்த்தன, எவை அதனைத் தடுத்தன, இறுதியில் அதன் பயன் யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்னும் வினாக்களை எழுப்பும்போதே உண்மையான வரலாறு தொடங்குகின்றது. மார்புப் புற்றுநோயைக் கதிர்ப் படத்தினால் முன்கூட்டியே கண்டறியும் முறை வளர்ந்த கதையை இந்நோக்கிலே நாம் ஆராய்தல் தகும்.

இந்நோயைப் பற்றிப் பேசுதற்கே நாணிய காலம் மிக நீண்டது. பெண்ணின் மார்பை வருணிப்பதில் நம் பழம் புலவர்கள் சலித்ததேயில்லை; ஆனால் அம்மார்பிலே ஒரு கட்டி தோன்றினால் அதனைத் தாயிடமோ கணவனிடமோ சொல்லவும் அஞ்சி, புண்ணாகும்வரை மறைத்துவைத்த பெண்கள் எத்தனை பேர்! இம்மௌனம் நமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டிலும் நிலைமை இதுவாகவே இருந்தது. கையிற் படுமளவுக்குக் கட்டி வளர்ந்த பின்னரே வைத்தியரிடம் சென்றனர். அவர் செய்யக்கூடியதும் ஒன்றே. அமெரிக்காவிலே பால்ரிமோர் நகரின் சத்திரசிகிச்சை நிபுணராகிய வில்லியம் ஹால்ஸ்ரெட் 1894இல் விரிவாக எடுத்துரைத்த முறைப்படி, மார்பையும் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளின் நிணக் கணுக்களையும் ஒருங்கே அகற்றிவிடுவதே அது. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கு அதுவே மாற்றமில்லாத விதியாய் நின்றது.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரிலே வில்ஹெல்ம் றொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அதற்கு அவர் காப்புரிமை பெற மறுத்தார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அவ்வாறு அவர் அதனைப் பொதுவுடைமையாய் விட்டமையாலேயே சில மாதங்களுக்குள் பல நாட்டு வைத்தியசாலைகளிலும் அக்கதிர் பயன்படலாயிற்று. ஆயின் எலும்பையும் உலோகத் துண்டையும் தெளிவாகக் காட்டிய அக்கதிர், மென்மையான தசையையும் கொழுப்பையும் வேறு பிரித்துக் காட்டுவது எளிதாக இருக்கவில்லை.

அத்தடையை முதன்முதலாக ஊடுருவியவர் பெர்லின் பல்கலைக்கழகச் சத்திரசிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த அல்பேர்ட் சலோமொன் ஆவர். நோயாளரிடமிருந்து அறுத்தகற்றப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்புகளை அவர் எக்ஸ் கதிரினாற் படம் பிடித்தார். பின்னர் அதே திசுக்களை அறுத்து ஆராய்ந்து, படத்திற் கண்டதோடு ஒப்பிட்டார். புற்றுநோய் எவ்வாறு பரவுகின்றது என்பதைப் படத்திலே காணலாம் எனவும், புற்றுநோயுள்ள இடங்களிற் சிலவேளை நுண்ணிய புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன எனவும் 1913இல் அவர் எழுதினார். சுண்ணச் சத்துப் படிந்த அப்புள்ளிகளே கைக்குத் தட்டுப்படாத நோயைக் காட்டிக்கொடுக்கும் முதன்மையான அறிகுறிகளுள் ஒன்றென்பதைப் பின்வந்த உலகம் உணர்ந்தது.

இத்தகைய ஆராய்ச்சி தொடர்ந்திருப்பின் எத்தனை உயிர்கள் தப்பியிருக்குமோ! முதலில் உலகப் போர் குறுக்கிட்டது. சலோமொன் போர்க்கள வைத்தியராகச் சென்றார். அடுத்து 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். சலோமொன் யூதர். பிறப்பொன்றையே குற்றமாகக் கொண்டு பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றிற்று. 1938இல் சாக்சன்ஹவுசன் வதைமுகாமிலே அவர் அடைக்கப்பட்டார். விடுதலை பெற்று 1939இல் ஒல்லாந்துக்குத் தப்பினார். அங்கும் நாசிகள் வந்தனர். வெஸ்ரபோர்க் முகாமிலிருந்து 1943இல் தப்பியோடித் தலைமறைவாய் வாழ்ந்து உயிர் பிழைத்தார். அவருடைய ஒரே மகள் சார்லொற் சலோமொன் ஓவியர். தென் பிரான்ஸிலே அகதியாய் ஒளிந்திருந்த காலத்திலே தம் வாழ்க்கையை எழுநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களாக அவர் வரைந்தார். 1943 ஒக்டோபரில், தம் 26ஆவது வயதில், கருவுற்றிருந்த நிலையில் அவர் அவுஷ்விட்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார். போரின் பின் அவ்வோவியங்களைத் தேடிப் பெற்ற தந்தை 1971இல் அவற்றை அம்ஸ்ரடாம் நகரின் அரும்பொருட்சாலையொன்றிற் சேர்ப்பித்தார். உயிர் காக்கும் விஞ்ஞானத்தையும் உயர்ந்த கலையையும் ஒரே குடும்பத்தில் நசுக்க முற்பட்ட இனவெறியின் சரித்திரம் இது. விஞ்ஞானத்திற்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்போர் சலோமொனின் வாழ்க்கையைப் படிப்பாராக.

ஜேர்மனியில் அறுந்த இழை வேறு நாடுகளிலே தொடர்ந்தது. அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரிலே ஸ்ரபோர்ட் வொறன் என்பார் 119 பெண்களைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே படம் பிடித்து 1930இல் முடிவுகளை வெளியிட்டார். பின்னாளில் அணுகுண்டை ஆக்கிய திட்டத்தின் வைத்தியத் தலைமையை இவரே ஏற்றார் என்பது அந்நூற்றாண்டின் முரண்பாட்டை நன்கு காட்டும். தென்னமெரிக்காவின் சிறு நாடாகிய உருகுவேயிலே றாவுல் லெபோர்ன், படம் எடுக்கும்போது மார்பை அழுத்திப் பிடிப்பதன் அவசியத்தை 1949 முதல் வற்புறுத்தினார். அழுத்தினால் தடிப்புக் குறையும். சிதறும் கதிர் குறையும். நிழலின் மேல் நிழல் விழாது. இன்றும் உலகெங்கும் இம்முறையே பின்பற்றப்படுகின்றது. செல்வ நாடுகளே அறிவின் ஊற்றுக்கள் என மயங்குவோர்க்கு இது நல்ல விடையாகும்.

ஹூஸ்ரன் நகரிலே றொபேர்ட் ஈகன் 1960இல் மற்றொரு படி முன்னேறினார். குறைந்த மின்னழுத்தத்தையும் நுண்ணிய படச்சுருளையும் கொண்டு, எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஓர் ஒழுங்கான முறையை அவர் வகுத்தார். ஒருவரின் கைத்திறனாக இருந்தது பலரின் தொழிலாயிற்று. அப்பத்தாண்டின் நடுப்பகுதியிலே பிரான்ஸின் ஸ்ராஸ்பூர் நகரிலிருந்த சார்ள்ஸ் குறோவின் முயற்சியால் மார்பைப் படம் பிடிப்பதற்கென்றே தனியான எந்திரம் பிறந்தது. மொலிப்டினம் என்னும் உலோகத்திலிருந்து எழும் மென்கதிர், திசுவுக்கும் கொழுப்புக்குமுள்ள சிறு வேறுபாட்டையும் அதிலே தெளிவாகக் காட்டிற்று. இவ்வாறு வளர்ந்த படத்தையே இன்று மமோகிராம் என்கின்றோம்.

எந்திரம் ஒன்று உண்டாகிவிட்டதனால் மட்டும் உயிர்கள் காப்பாற்றப்பட்டுவிடுமா? நோயை முன்கூட்டிக் காண்பதால் மரணம் உண்மையிலேயே குறைகின்றதா என்பதை எவ்வாறு நிறுவுவது? இக்கேள்விக்கு விடை காண முதன்முதல் முயன்றவர்கள் நியூ யோர்க் நகரின் மூவர்: கதிர்ப்பட வைத்தியர் பிலிப் ஸ்ராக்ஸ், புள்ளிவிபர அறிஞர் சாம் ஷபீறோ, சத்திரசிகிச்சை நிபுணர் லூயிஸ் வெனெற். ஸ்ராக்ஸின் மனைவி இந்நோயினாலேயே இளவயதில் இறந்தவர். நகர ஊழியரும் பிற தொழிலாளரும் கூட்டாகச் சந்தா செலுத்திப் பயன்பெற்ற ஒரு சுகாதாரக் காப்புறுதித் திட்டம் 1947 முதல் அங்கு இயங்கி வந்தது. அத்திட்டத்தின் அங்கத்தவர் பதிவேட்டிலிருந்து 40 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 62,000 பெண்களைத் தெரிந்து, இரு கூறாக்கி, ஒரு கூற்றினரை ஆண்டுதோறும் கைப் பரிசோதனைக்கும் மமோகிராமுக்கும் 1963 இறுதியிலிருந்து அழைத்தனர். பத்தாண்டு கழிந்து நோக்கியபோது, அழைக்கப்பட்டோரிடையே இந்நோயினால் நேர்ந்த மரணங்கள் மற்றையோரினும் ஏறக்குறைய நூற்றுக்கு 30 வீதம் குறைந்திருந்தன. உழைக்கும் மக்களின் கூட்டமைப்பொன்று இல்லாதிருப்பின் இவ்வாராய்ச்சி நடந்திருக்க முடியாது என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சுவீடனிலே 1977இல் தொடங்கி 1985இல் முடிவு வெளியான ஆய்வும் இதனை ஒத்த பயனையே காட்டிற்று. 1988இல் இங்கிலாந்து தன் தேசிய சுகாதார சேவையின் மூலம் 50 முதல் 64 வயதுப் பெண்களை இலவசமாக அழைக்கத் தொடங்கியது.

எனினும் இக்கதை முழுவதும் வெற்றிக் கதையன்று. நலமுடைய இளம் பெண்களின் மீது கதிரைச் செலுத்துவது புதிய புற்றுநோயை விளைவிக்காதா என்று அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் பெயிலர் 1976இல் வினவினார். அக்கேள்வி எழுந்தமை நன்மையே. கதிரின் அளவைக் குறைக்கும் முயற்சிகள் அதனால் விரைவுபெற்றன. படத்தின் தரத்துக்கும் சட்டம் வகுக்கப்பட்டது.

இதே காலத்தில் நோயாளராகிய பெண்களே பேசத் தொடங்கினர். 1974இல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெற்றி போர்ட் தமக்கு நேர்ந்த சத்திரசிகிச்சையை மறைக்காது வெளியிட்டார். பரிசோதனை நிலையங்களிலே பெண்கள் திரண்டனர். அதே ஆண்டில் நோய்வாய்ப்பட்ட பத்திரிகையாளர் றோஸ் குஷ்னர் மேலும் ஒரு படி சென்றார். கட்டி எத்தகையது என அறிவதற்காக மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட பெண், கண் விழித்தபோது மார்பே இல்லாதவளாக இருந்தாள். அவளுடைய சம்மதத்தைக் கேட்கும் வழக்கமே இருக்கவில்லை. பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. இரண்டுக்கும் இடையில் முடிவு செய்யும் உரிமை பெண்ணுக்கே உரியது எனக் குஷ்னர் போராடினார். 1979இல் அமெரிக்க வைத்திய உலகம் அதனை ஏற்றது. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலும் உயிர் வாழும் காலம் குறைவதில்லை என்று பேர்ணாட் பிஷர் தலைமையிலான ஆய்வு 1985இல் காட்டியது. ஹால்ஸ்ரெட்டின் விதி உடைந்தது. சிறியதாய் இருக்கும்போதே கட்டியைக் காட்டும் படமும், உடல் எனதே என்று சொன்ன பெண்ணின் குரலும் சேர்ந்தே அந்த மாற்றத்தை விளைவித்தன.

அதன் பின் கருவிகள் பெருகின. ஜோன் வைல்ட் 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்த கழியொலி அலை, நீர் நிறைந்த கட்டியையும் திண்மையான கட்டியையும் வேறுபடுத்த உதவுகின்றது. 1980களில் வந்த காந்தப் பரிவுப் படம், பரம்பரையாக அபாயம் மிகுந்த பெண்களுக்குப் பெருந்துணையாயிற்று. படச்சுருளின் இடத்தைக் கணனி பிடித்தது. அதனால் 50 வயதுக்குக் குறைந்தோரிடத்தும் அடர்ந்த திசுவுடையோரிடத்தும் நோய் தெளிவாகப் புலப்படுகின்றது என்று 49,528 பெண்களிடையே நடந்த ஆய்வு 2005இல் கண்டது. 2023இல் சுவீடனில் 80,000 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், செயற்கை நுண்ணறிவின் துணையால் படம் வாசிக்கும் வைத்தியரின் வேலைப் பளு நூற்றுக்கு 44 வீதம் குறைந்தது.

கருவி கூர்மையாகுந்தோறும் புதிய சிக்கலும் எழுகின்றது. ஆயுள் முழுவதும் தீங்கு செய்யாது கிடந்திருக்கக்கூடிய நோயும் படத்திலே தெரிகின்றது. அதற்கும் கத்தி வைக்கப்படுகின்றது. ஒரு மரணம் தவிர்க்கப்படுமிடத்து ஏறக்குறைய மூன்று பெண்கள் இவ்வாறு தேவையற்ற சிகிச்சைக்கு ஆளாகின்றனர் என்று மைக்கல் மார்மொற் தலைமையில் அமைந்த குழு 2012இல் இங்கிலாந்தில் மதிப்பிட்டது. கனடாவில் 1980இல் தொடங்கிய ஆய்வோ மமோகிராமினால் மரணம் குறைந்ததாகக் காணவில்லை. அவ்வாய்வின் முறை பற்றிய வாதம் நீண்டு சென்றது. இவற்றைப் பெண்களுக்கு மறைக்காது சொல்லி, அவர்களையே தீர்மானிக்க விடுவதுதான் நேர்மையாகும்.

ஆயினும் நம்மை மிகவும் உறுத்த வேண்டிய உண்மை வேறொன்று உண்டு. 2022இல் உலகில் 23 இலட்சம் பெண்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர். மிக வளர்ந்த நாடுகளிலே வாழ்நாளில் 12 பெண்களில் ஒருவருக்கு இந்நோய் காணப்படுகின்றது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கின்றார். மிகப் பின்தங்கிய நாடுகளிலோ 27 பேரில் ஒருவருக்கே காணப்படுகின்றது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கின்றார். நோய் குறைவு, சாவு அதிகம்! இக்கணக்கை எந்த உயிரியல் விதியாலும் விளக்கிவிட முடியாது. வறுமையும், காலந்தாழ்த்திக் கண்டறிதலும், சிகிச்சை எட்டாமையுமே இதன் விளக்கங்கள்.

எந்திரம் இல்லாத இடத்திலே கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதற்கு பம்பாய் நகர் சான்று பகர்கின்றது. அங்கு ராரா நினைவு வைத்தியசாலையினர் 1998இல் தொடங்கிய ஆய்விலே, பத்தாம் வகுப்பு வரை படித்த சாதாரணப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, ஏழைக் குடியிருப்புகளிலே கையினால் மார்புப் பரிசோதனை செய்வித்தனர். ஒன்றரை இலட்சம் பெண்கள் அவ்வாய்வில் இடம்பெற்றனர். 2021இல் வெளிவந்த முடிவின்படி, எல்லா வயதினரையும் சேர்த்து நோக்கும்போது மரணக் குறைவு உறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும் நோய் முற்றுமுன்னரே கண்டறியப்பட்டது. 50 வயதைக் கடந்தோரிடையே மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு 30 வீதம் குறைந்தது. நம் நாட்டிலும் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களிலே இக்கைப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்கின்றது. அந்நிலையத்துக்குப் போகும் பாதையைப் பெண்ணுக்குக் காட்டுவதும், போகவொட்டாது தடுக்கும் நாணத்தையும் அச்சத்தையும் அகற்றுவதும் படித்தவர்களின் கடமைகளாகும். அதுபோலவே, கட்டி உண்டென்று சொன்ன பின் சிகிச்சைக்கு வழியின்றி அவளைத் திருப்பி அனுப்பாதிருப்பது அரசின் கடமையாகும்.

றொண்ட்ஜன் விலை பேசாது விட்ட கதிர் அது. சலோமொன் சிறைப்பட்டும் அழியாத அறிவு அது. தொழிலாளப் பெண்களின் பங்கினால் நிறுவப்பட்ட உண்மை அது. பலரின் உழைப்பினாலும் துயரத்தினாலும் விளைந்த இச்செல்வம் சிலரின் பணப்பையைப் பொறுத்துப் பங்கிடப்படுமாயின், அது வரலாற்றுக்கே இழைக்கும் துரோகமாகும். தோட்டத்திலே கொழுந்து கொய்பவளுக்கும் கடற்கரையிலே கருவாடு காயவைப்பவளுக்கும் கொழும்பு மாளிகையில் வாழ்பவளுக்குக் கிடைப்பதே கிடைக்க வேண்டும். விஞ்ஞானம் தன் பங்கைப் பெருமளவு செய்துவிட்டது. எஞ்சியிருப்பது சமுதாயத்தின் பங்கு.