நிலத்தடி உரிமையும் வர்க்க உருவாக்கமும்: காரீயம் முதல் எரிவாயு வரை

1

காணியை உடையவர் அக்காணியின் அடியில் உள்ளவற்றையும் உடையவரா? உடையவராயின், மேலுள்ள மண்ணைத் தம்மிடம் வைத்துக்கொண்டு அடியிலுள்ளதை மாத்திரம் விற்கலாமா? இவ்வினாக்கள் சட்டத்துறையினருக்கே உரியன என ஒதுக்கப்படுவதுண்டு. ஆயின் உடைமை பற்றிய கருத்துகள் உற்பத்தி உறவுகளினடியாகத் தோன்றுவன என்பதை ஏற்றுக்கொள்வோமாயின், நிலத்தடி உரிமையின் வரலாறு வர்க்கங்கள் உருவாகிய வரலாற்றின் ஒரு கூறாகவே அமைதல் தெளிவாகும். இக்கட்டுரையில் இலங்கையின் காரீயத் தொழிலைத் தலைமைச் சான்றாகக் கொண்டு, எண்ணெய், எரிவாயு உரிமைகளோடு அதனை ஒப்பிட்டு நோக்க முற்படுகின்றோம்.

தமிழ்ச் சாசனங்களில் இவ்விடயம் புதியதன்று. சோழர்காலக் கொடைச் சாசனங்கள் நிலத்தை அளிக்கும்போது மேல்நோக்கிய மரத்தையும் கீழ்நோக்கிய கிணற்றையும் சேர்த்தே கூறின. பிற்காலச் சாசனங்களிலும் உறுதிகளிலும் நிதி, நிட்சேபம், சலம், பாடாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என எட்டு வகைப் போகங்கள் வரிசைப்படுத்தப்பட்டன. முதலிரண்டும் புதைபொருளைக் குறிப்பன. பாடாணம் கல்லையும் கனியத்தையும் சுட்டுவது. இவற்றை இவ்வாறு ஒவ்வொன்றாக எண்ணிக் கூறவேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதே சிந்திக்கற்பாலது. சொல்லாமல் விடின் அவை கொடுத்தவரிடமே தங்கிவிடும் என்ற எண்ணம் இவ்வரிசையின் பின்னணியில் உண்டு. சுரங்கங்களை அரச கருவூலத்தின் ஊற்றாகக் கண்ட அர்த்தசாத்திர மரபோடு இது பொருந்துகின்றது. அரசரிடமிருந்து கோயிலுக்கும் பிராமணருக்கும் பிறருக்கும் கைமாறிய இவ்வுரிமைப் பட்டியலில், கிணற்றை வெட்டியவருக்கும் கல்லை உடைத்தவருக்கும் இடம் இருக்கவில்லை.

2

பிரித்தானியர் இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றியபின் உரோம-டச்சுச் சட்டத்தைத் தொடர்ந்து நடைமுறையில் வைத்தனர். மண்ணுக்கு உடையவரே அதன் அடிக்கும் உடையவர் என்பது அச்சட்டத்தின் பொது விதி. அதே வேளையில், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியனவே என்று கொண்டது. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அப்பிடியை மேலும் இறுக்கியது. ஒருபுறம் தனியார் உடைமை நிலத்தின் ஆழம்வரை விரிந்தது. மறுபுறம், எழுத்துறுதி இல்லாத கிராமத்தவரின் வழக்காற்றுரிமை சுருங்கியது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையல்ல. நிலத்தைச் சந்தைப் பொருளாக்கிய ஒரே செயற்பாட்டின் இரு பக்கங்களாகும்.

இச்சூழலிலேயே காரீயம் முக்கியத்துவம் பெற்றது. காரீயம் என்ற பெயரே ஒரு பிழையின் எச்சமாகும். ஈயத்தின் ஒரு வகையென ஐரோப்பியர் நெடுங்காலம் கருதிய இப்பொருள் கரியின் ஒரு வடிவமே என்பது 1779 இல் சீலே என்ற இரசாயனவியலாளரால் காட்டப்பட்டது. பென்சிலுக்கு மாத்திரமன்றி, உலோகத்தை உருக்கும் மூசைகளுக்கும் அது இன்றியமையாததாயிற்று. இலங்கையின் நரம்புப் படிவக் காரீயம் தூய்மையிற் சிறந்தது. மேற்குலகில் உருக்குத் தொழில் வளர வளரக் குருநாகல், கேகாலைப் பகுதிகளிலும் தெற்கிலும் குழிகள் பெருகின. முதலாம் உலகப் போரின் நடுவில், 1916 இல், ஏற்றுமதி ஏறத்தாழ 33,000 தொன்னை எட்டியது. போர் முடிந்ததும் தேவை வீழ்ந்தது. மடகஸ்கார்க் காரீயமும் போட்டிக்கு வந்தது.

கோப்பி, தேயிலை ஆகியவற்றிலிருந்து காரீயம் ஒரு முக்கிய வகையில் வேறுபட்டது. அகழ்வு பெரும்பாலும் உள்நாட்டவர் கையிலேயே இருந்தது. காணிக்காரர் தாமே குழி வெட்டுவிக்கலாம். அல்லது அகழும் உரிமையை மாத்திரம் குத்தகைக்கு விட்டு, எடுக்கப்படும் பொருளில் ஒரு பங்கைப் பெறலாம். மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் சுரங்க வாரத்தை விவசாய நிலவாரத்தோடு இணைத்து ஆராய்ந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. நிலவுடைமையாளர் உற்பத்தியில் எதனையும் சேர்ப்பதில்லை. நிலத்தின் வாயிலில் நிற்கும் உரிமைக்காகவே உபரியில் ஒரு பகுதியைப் பெறுகின்றார். நம் நாட்டுக் காணிகளோ பெரும்பாலும் பிரிக்கப்படாத பங்குகளாகக் கிடந்தன. பணமும் வழக்காடும் வசதியும் உடையவர், சிறு பங்குகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து முழுக் காணிக்கும் உடையவராதல் இந்நிலையில் எளிதாயிற்று. தன் பங்கை விற்ற விவசாயி மண்ணின் விலையைப் பெற்றார். வாங்கியவரோ அடியிலுள்ளதை எண்ணி வாங்கினார்.

3

இந்த வாரத்தின் வரலாற்றைக் கண்ணாற் காணவேண்டின் கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானைக்குச் செல்லலாம். அங்கு கந்தவல என்னும் வளவு சேர் ஜோன் கொத்தலாவலையின் இல்லமாக விளங்கியது. அவருடைய குடும்பச் செல்வத்தின் ஊற்றுகளுள் ஒன்று குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹச் சுரங்கமாகும். அது அவரது தாய்வழிப் பாட்டனாரான முதலியார் அத்திகலவின் உடைமையாயிருந்தது. முதலியாரின் புதல்வியர் மூவர் கொத்தலாவலை, ஜயவர்தன, சேனநாயக்க குடும்பங்களில் மணமுடித்தனர். டீ. எஸ். சேனநாயக்கவின் தந்தையாகிய தொன் ஸ்பேற்றர் சேனநாயக்கவும் காரீயத்தாற் பொருளீட்டியவரே. சுதந்திர இலங்கையின் முதல் மூன்று பிரதமர்களான டீ. எஸ். சேனநாயக்க, டட்லி சேனநாயக்க, 1953 முதல் 1956 வரை பதவி வகித்த கொத்தலாவலை ஆகியோர் அனைவரும் இச்செல்வத்தோடு தொடர்புடைய குடும்பங்களிலிருந்தே வந்தனர்.

இதனைத் தனிமனிதரின் குணநலன் பற்றிய விடயமாகக் கொள்ளுதல் பொருந்தாது. சாராயக் குத்தகை, தென்னந்தோட்டம், காரீயம் ஆகியவற்றால் எழுந்த இவ்வர்க்கம் மதுவிலக்கு இயக்கத்திலும் அரசியற் சீர்திருத்தக் கோரிக்கையிலும் முன்னின்றது. அவ்வளவில் அதற்கு ஒரு முற்போக்கான பாத்திரம் உண்டு. ஆயினும் அதன் எல்லையும் அதன் வருவாயின் தன்மையிலேயே அடங்கியிருந்தது. காரீயம் மூலப்பொருளாகவே கப்பலேறியது. மூசையும் பென்சிலும் பிற நாடுகளில் உருவாயின. குழியிற் கிடைத்த உபரி தொழிற்சாலையாகாது, தோட்டமாகவும் வளவாகவும் தேர்தற் செலவாகவும் மாறியது. ஏணியில் இறங்கிக் காரீயம் வெட்டிய தொழிலாளியோ, கொழும்புக் கொட்டில்களில் கரும்பொடி படிந்த கைகளோடு கட்டி, சில்லு, தூள் எனத் தரம் பிரித்த பெண்ணோ அந்த உடைமை வரலாற்றில் பெயர் பெறவில்லை.

4

எண்ணெய், எரிவாயு ஆகியவற்றில் இத்தனியுரிமை அதன் முழு வடிவை அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெற்றது. 1859 இல் பென்சில்வேனியாவின் டைற்றஸ்வில்லில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டபின், மேல்மண்ணையும் கனிய உரிமையையும் இரு வேறு உடைமைகளாகப் பிரித்து விற்கும் வழக்கம் அங்கு பரவியது. குத்தகைக்கு விடும் காணிக்காரருக்கு உற்பத்தியில் எட்டில் ஒரு பங்கு றோயல்ற்றியாகக் கிடைப்பது நெடுங்கால வழமை. ஆயின் எண்ணெய் வேலியை அறியாது. அயற்காணியின் கிணற்றுக்கும் அது ஓடும். 1889 இல் பென்சில்வேனிய நீதிமன்றமொன்று எண்ணெயையும் எரிவாயுவையும் காட்டு விலங்குகளுக்கு ஒப்பிட்டு, பிடித்தவருக்கே அவை உரியன என்ற கருத்தை வலியுறுத்தியது. எனவே சிறு காணிக்காரரின் உரிமை, துளையிடும் மூலதனத்தின் விரைவுக்குக் கட்டுப்பட்டதாயிற்று. கனிய உரிமை முன்னரே விற்கப்பட்ட காணியில் குடியிருப்பவருக்கு இயந்திரத்தின் இரைச்சலே பங்காகக் கிடைக்கும். ஆகவே, தனியுரிமை நிலத்தில் வாழ்பவரைக் காக்கும் என்ற வாதம் அதன் தாயகத்திலேயே ஓரளவுக்கு மேல் நிற்பதில்லை.

5

இலங்கை வேறு வழியிற் சென்றது. 1971 இல், ஐக்கிய முன்னணி ஆட்சியில், பெரிய காரீயச் சுரங்கங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1980 இல் கொத்தலாவலை கந்தவல வளவை நாட்டுக்கு அளித்தார். இன்று அங்கு அவர் பெயரால் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம், மண்ணின் மீது ஒருவருக்குள்ள உரிமை எவ்வாறிருப்பினும் கனியங்களின் உடைமை குடியரசைச் சார்ந்தது என்பதை அடிப்படையாகக் கொண்டது. பெற்றோலியத்துக்கும் 2003 இலும் 2021 இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் அதே நெறியைப் பின்பற்றின. எனவே இன்று நம் நாட்டில் ஒரு காணிக்காரர் தம் நிலத்தின் கீழுள்ள எண்ணெயை விற்க முடியாது.

இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் அரசுடைமை தன்னளவில் மக்களுடைமையாகிவிடுவதில்லை. கஹட்டகஹ அரசிடம் எஞ்சிற்று. போகலைச் சுரங்கமோ 1990களில் தனியார்மயமாகி அயல்நாட்டு மூலதனத்தின் பிடிக்குள் வந்தது. மன்னார்ப் படுகையில் 2008 இல் ஆய்வுரிமை பெற்ற கெயார்ன் நிறுவனம் 2011 இல் இரு எரிவாயுக் கண்டுபிடிப்புகளை அறிவித்து, 2015 இல் வெளியேறியது. அப்பேச்சுகளின் ஒருபுறம் அரசு, மறுபுறம் நிறுவனம். அக்கடலில் தலைமுறைகளாகத் தொழில் செய்யும் மீனவருக்குக் கரைவலைப் பாடு என்ற வழக்காற்றுரிமை உண்டு. எனினும் விற்கவோ பேரம் பேசவோ இயன்ற உறுதி அவரிடம் இல்லை. மன்னார்த் தீவில் கனிய மணல் அகழ்வுக்கு எதிராக 2025 இல் மக்கள் திரண்டபோது எழுந்ததும் இதே முரண்பாடேயாகும். அடியிலுள்ள மணலின் பெறுமதி எங்கோ கணிக்கப்படுகின்றது. காணிக்காரருக்கோ மேல்மண்ணின் விலையே கிடைக்கின்றது. நிலத்தடி நீர் கெடுமாயின் அவ்விழப்பு, காணியை விற்றவரையும் விற்காதவரையும் ஒருசேரத் தாக்கும்.

நாம் கண்ட வரலாற்றில் நிலத்தடி உரிமை அரசர், கொடைபெற்றோர், காணிக்காரர், முடி, குடியரசு எனப் பலரிடம் இருந்துள்ளது. உறுதியில் யாருடைய பெயர் எழுதப்பட்டிருந்தபோதிலும், உபரியின் பெரும் பகுதி ஆட்சியதிகாரத்தையும் மூலதனத்தையும் உடைய வர்க்கத்தையே சென்றடைந்தது. ஆகவே, யார் விற்கலாம் என்ற வினாவோடு நமது ஆராய்ச்சி நின்றுவிடலாகாது. அகழ்வதா, விடுவதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்நிலத்திலும் கடலிலும் உழைப்போருக்கு உண்டா என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. அதற்கு விடை தரும் ஓர் ஏற்பாடு சட்டத்தில் இடம்பெறும்வரை, கனியங்கள் குடியரசுக்கு உரியன என்ற வாசகம் பழைய சாசனங்களின் எண்வகைப் போகங்களைப் போலவே, உழைப்பவர் பெயரில்லாத மற்றொரு பட்டியலாக இருக்கும்.