கொல்லிப் பண்ணும் நவரோசும்

ஆலத்தூர் நாட்டிற்குத் திருமுறை முற்றோதலின்பொருட்டு வந்திருந்தபொழுது, இம்மலையில் பிறந்த இளைஞர் ஒருவர் என்னை அணுகி, “ஐயா, குடமுழுக்கன்று தேவாரத்திற்குத் துணையாகக் கீபோர்டு வாசிக்கலாமா? அயல்முறை புகுந்தால் பண் கெட்டுவிடும் என்கிறார்களே!” என்று வினவினார்.

அவ்வினாவிற்கும் இம்மலைக்கும் உறவுண்டு. தேவாரப் பண்களுள் ஒன்றன் பெயர் கொல்லி. அப்பரடிகள் திருவதிகையில் சூலைநோய் நீங்கப் பாடியருளிய முதற்பதிகம் அப்பண்ணில் அமைந்ததே. காழிப்பிள்ளையாரும் நம்பியாரூரரும் அதனிற் பாடியுளர். இன்று ஓதுவாமூர்த்திகள் அதனை நவரோசு இராகத்திற் பாடி வருகின்றனர். நவரோசு என்பதோ தமிழுமன்று, வடமொழியுமன்று. பாரசீகர் தம் புத்தாண்டுத் திருநாளுக்கு வழங்கும் பெயர். புதுநாள் என்பது அதன் பொருள். கொல்லிமலையின் பெயர் பூண்ட பண் பாரசீகப் பெயரோடு திருமுன் நிற்கின்றது! அதனால் பதிகத்தின் உருக்கம் அணுவளவும் குறைந்திலது. ஆயினும் பழம்பெயர் மறக்கப்பட்டது இழப்பேயாம். சென்னைத் தமிழிசைச் சங்கத்தார் 1949 முதல் பண்ணாராய்ச்சி நிகழ்த்தியிராவிடின், நவரோசு பாடுவோருள் எத்துணைப் பேர் கொல்லியை நினைப்பர்?

பிடில் வந்த கதை வேறு. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) மேனாட்டாரிடம் அதனைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் 1834-இல் தந்தப் பிடில் பரிசளித்தார். அக்கருவியில் மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கிச் செல்லும். ஆதலின் கமகம் முழுவதும் பிறக்கும். வெளிநாட்டார் நின்று வாசித்ததை நம்மவர் அமர்ந்து வாசித்தனர். கருவி நம் இசைக்கு வளைந்து கொடுத்தது.

ஆர்மோனியம் அவ்வாறு வளையவில்லை. அதன் கட்டைகள் தந்த சுரத்தையே தரும்; சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே உள்ள அசைவு அதற்கு எட்டாது. 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கிற்று. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. வானொலியின் கடுமை மிகை என்பாருளர். நான் அவ்வாறு சொல்லமாட்டேன், பட்டவன். மடத்தில் பயின்ற காலத்து ஈராண்டு அப்பெட்டியோடே பாடிப் பழகினேன். ஒருநாள் பெட்டியின்றிப் பாட நேர்ந்தபோது, என் குரல் கட்டை கட்டையாகத் தாவிற்று, அசைவு வரவில்லை. ஆசிரியர் சினந்திலர். பெட்டியை மூடிவைத்து, மூன்று திங்கள் தம்பூராவோடு மட்டும் கொல்லிப் பண்ணைப் பாடச் செய்தார். இழந்தது அரைகுறையாகவே மீண்டது.

இவற்றை அவ்விளைஞரிடம் கூறினேன். அவரோ, இக்காலக் கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டென்று காட்டி, நவரோசை வாசித்தும் காட்டினார். உண்மை சொல்வதாயின், நன்றாகவே இருந்தது. பெட்டியை ஒரேயடியாகப் பழித்த எனக்குச் சிறிது நாணமாயிற்று.

“தம்பி, முதலில் இதனைத் தொண்டையில் பாடும், பின்னர்க் கருவியைத் தொடும்” என்றேன். அன்று முதல் வைகறைதோறும் வந்து தம்பூராவின் முன் அமர்கின்றார். குடமுழுக்கு நாளில் அப்பரடிகளின் முதற்பதிகத்தை அவர் குரலாலேயே பாடவிருக்கின்றார். கீபோர்டு வீட்டில் இருக்கின்றது.